நின்றால் கொதிக்கிறது, ஓடினால் ஆறுகிறது: பழைய காருக்கு எந்த வைத்தியம்?

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, வண்டி நகர்ந்து காற்று பட்டதும் தானாக இறங்கிவிடுகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். "எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா, அலுமினிய ரேடியேட்டர் வாங்கலாமா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாமா?" என்ற பட்டியலும் கூடவே வரும்.

நானும் இந்தப் பட்டியலில் சிக்கியவன்தான். முதலில் ரேடியேட்டரில் கை வைத்தேன். இருந்ததைவிடத் தடிமனான கோர் (நீர் ஓடும் குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) வாங்கி மாட்டினேன். நெடுஞ்சாலையில் அருமையாக இருந்தது. நெரிசலில் முன்பைவிட மோசம்! காரணம் விளங்க எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

"நிற்கும்போது மட்டும்" என்பதுதான் துப்பு. வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளுவது வண்டியின் வேகம். ஃபேனுக்கு அப்போது பெரிய வேலை இல்லை. நின்றுவிட்டால் காற்றை இழுக்க ஃபேனைத் தவிர வேறு ஆள் கிடையாது. பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் அதுவும் சோம்பலாகத்தான் சுற்றும். ஃபேன் பாதி வேகத்தில் சுற்றினால் காற்றும் ஏறக்குறைய பாதிதான். அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பும் அந்த நேரத்தில் மெதுவாகத்தான் நீரைத் தள்ளும்.

இதற்கு நேர்மாறாக, நின்றால் சரியாக இருந்து வேகமாகப் போனால் சூடேறுகிறது என்றால் அது வேறு நோய். அடைபட்ட ரேடியேட்டர் குழாய்கள், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்று அதன் காரணங்களே வேறு. இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல.

முதலில், உண்மையிலேயே சூடேறுகிறதா?

இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் பழைய மீட்டர்கள் பொய் சொல்லும். அறுபதுகளின் பல பிரிட்டிஷ் கார்களில் டெம்பரேச்சர் மீட்டருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. சராசரியாக 10 வோல்ட் கொடுக்க வேண்டிய அது பழுதாகி 12-க்கு மேல் கொடுத்தால், இரண்டு முள்ளும் சேர்ந்து உயர்த்திக் காட்டும். பெட்ரோல் மீட்டரும் வழக்கத்தைவிடத் தாராளமாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ரேடியேட்டர் பக்கமே போக வேண்டாம்.

ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து, தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடானதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியின் மேல் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அதன்மேல் அளந்து பாருங்கள்.

அளவைப் பார்த்ததும் பதற வேண்டாம். தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஒவ்வொரு 1 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் இன்னும் ஒன்றரை டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம். 7 பிஎஸ்ஐ மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் 118 வரை தாங்கும். ஆக, சிக்னலில் 98 காட்டுவது கவலைதான், ஆனால் கொதிப்பு அல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. ரிசர்வ் டேங்க் இல்லாத பழைய ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் விரிவடையும் கூலன்ட் வழிந்து வெளியே போகத்தான் செய்யும். ஓர் அங்குலம் கீழே போய் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் அதை மறுபடி நிரப்பி, மறுபடி வழியவிட்டு, "வண்டி கொதிக்குது" என்று சொல்பவர்கள் நிறைய. மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். நிற்காமல் குறைந்துகொண்டே போனால், அல்லது மேல் டேங்க்கில் குமிழிகள் விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) சோதிக்காமல் கீழே உள்ள எதற்கும் செலவு செய்யாதீர்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். முதலாவது: ஐடிலில், அதாவது வண்டி நிற்க இஞ்சின் மெதுவாக ஓடும் 600 முதல் 900 ஆர்பிஎம்-க்குள், இது உதவுமா? விளம்பரத்தில் வரும் எண்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இரண்டாவது, இந்த மாற்றம் வண்டியின் மற்ற உறுப்புகளிடம் என்ன கேட்கும்: கூடுதல் கரன்ட்டா, பேரிங்குக்குச் சுமையா? மூன்றாவது, பழையபடி திருப்பி மாட்ட முடியுமா? கிளாசிக் காரில் போட்ட ஓட்டையை யாராலும் எடுக்க முடியாது. கடைசியாக, இது பழுதானால் முன்கூட்டியே தெரியுமா, இல்லை திடீரென்று கைவிடுமா?

| வழி | ஐடிலில் பலன் | மறைந்திருக்கும் செலவு | திருப்ப முடியுமா | பழுதாகும் விதம் |
|---|---|---|---|---|
| டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), கலவை | டைமிங் பின்தங்கியிருந்தால் நிறைய. இல்லையேல் எதுவுமில்லை | நேரம், கார்புரேட்டரை மறுபடி செட் செய்தல் | முழுமையாக | மெதுவாக நகரும் |
| ஷ்ரவுட் (ஃபேன் கூடு), ஃபேன், சீல் | நிறைய | இஞ்சின் மவுன்ட், பம்ப் பேரிங் | பெரும்பாலும் | சத்தம் போட்டுச் சொல்லும் |
| எலக்ட்ரிக் ஃபேன் | மிக அதிகம், கரன்ட் இருந்தால் | ஆல்டர்னேட்டர், வயரிங், ரிலே | ஓரளவு | திடீரென்று, சத்தமில்லாமல் |
| ரேடியேட்டர் | பழையது அடைபட்டிருந்தால் மட்டும் | தோற்றம், கூலன்ட் பராமரிப்பு | பழையதைப் பத்திரப்படுத்தினால் | மெதுவாகக் கசியும் |

டைமிங்கும் கலவையும்: எதுவும் வாங்காத வழி

சூட்டுக்கும் ஸ்பார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பார்கள். ஸ்பார்க் தாமதமானால் எரிதலும் தாமதமாகும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு அடங்கியிருக்காது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் பாதை வழியாக ஹெட்டுக்குள் இறங்கி கூலன்ட்டில் சேர்கிறது. போதாக்குறைக்கு, இஞ்சின் சக்தி குறைவதால் அதே ஐடில் வேகத்தைப் பிடிக்கத் திராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்திருப்பார்கள். இன்னும் எரிபொருள், இன்னும் சூடு.

ஐடிலில் சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைந்தும், பழைய புகையோடு கலந்தும் இருப்பதால் மெதுவாக எரியும். அதற்கு ஸ்பார்க் சற்று முன்னதாகவே வர வேண்டும். இங்கேதான் வேக்யூம் அட்வான்ஸ் வருகிறது: இஞ்சினின் உறிஞ்சலை ஒரு குழாய் வழியாக எடுத்து ஸ்பார்க்கை முன்னே தள்ளும் அமைப்பு. அறுபதுகளின் பிற்பகுதி முதல் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பல கார்களில் இந்தக் குழாயை, திராட்டில் திறந்தால் மட்டுமே உறிஞ்சல் கிடைக்கும் இடத்தில் இணைத்தார்கள். ஐடிலில் அட்வான்ஸ் பூஜ்யம். இதனால் இஞ்சின் சூடேறும் என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அந்தக் காலத்துச் சில கார்களில் கூலன்ட் மிகவும் சூடானால் குழாயை மானிஃபோல்டு வேக்யூமுக்கு (ஐடிலிலும் உறிஞ்சல் இருக்கும் இடம்) மாற்றிவிடும் ஒரு வால்வே வைத்தார்கள். அந்த வால்வு இன்று பல வண்டிகளில் செத்துப்போயிருக்கும், அல்லது யாரோ பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் பாகம்) வேக்யூம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. குழாயின் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். பிடிப்பு நிற்கவில்லை என்றால் கிழிந்திருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு? டைமிங்கை முன்னே தள்ளினால் ஐடில் வேகம் ஏறும், கார்புரேட்டரை மறுபடி செட் செய்ய வேண்டும். அதிகம் தள்ளினால் சுமையில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டும் சத்தம்) வரும், அது சூட்டைவிட ஆபத்து. டைமிங் குறியையும் கண்மூடி நம்பாதீர்கள். ரப்பர் வளையம் வைத்த கிராங்க் புல்லிகளில் வெளி வளையம் வருடக்கணக்கில் வழுக்கி நகர்ந்திருக்கலாம். முதல் பிஸ்டன் உண்மையில் எங்கே உச்சத்துக்கு வருகிறது என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு டைமிங் லைட்டை எடுங்கள். மானிஃபோல்டில் காற்றுக் கசிவு இருந்தால் கலவை மெலிந்துபோகும், அதையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

சூட்டோடு சேர்ந்து வண்டி தடுமாறுகிறது, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மந்தமாக இருக்கிறது, சமீபத்தில் யாரோ டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைத்தார்கள் என்றால், இந்த வழியே உங்களுக்கு. மற்றவர்களும் இங்கிருந்து தொடங்குவதில் நஷ்டம் இல்லை.

ஷ்ரவுட், ஃபேன், இடைவெளிகள்: என் முதல் பரிந்துரை

ஃபேனைச் சுற்றி, ரேடியேட்டரின் பின்புறத்தை மூடி நிற்கும் கூடுதான் ஷ்ரவுட். இது இல்லாத ஃபேன், தனக்கு நேரே இருக்கும் வட்டத்திலிருந்து மட்டும்தான் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா நிற்கும். அதைவிட மோசம், இறக்கைகளின் நுனியைச் சுற்றிக் காற்று பின்னாலிருந்து முன்னால் வழிந்து, அதே சூடான காற்று மறுபடி சுழலும். பழுது பார்க்கக் கழற்றிய ஷ்ரவுட்டைத் திரும்ப மாட்டாமல் போன வண்டிகள் ஏராளம். உங்கள் மாடலுக்குத் தொழிற்சாலையிலிருந்தே ஷ்ரவுட் வந்ததா என்று பழைய பாகப் பட்டியலில் பாருங்கள்.

மாட்டும்போது இறக்கையின் அகலத்தில் ஏறக்குறைய பாதி ஷ்ரவுட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி 25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. மிக நெருக்கமாகவும் வைக்காதீர்கள். இஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும். மவுன்ட் தளர்ந்திருந்தால், கிளட்சை விடும்போது ஃபேன் ஷ்ரவுட்டைக் கடித்துவிடும். ஷ்ரவுட் வாங்கியவர் மவுன்ட்டும் வாங்க நேர்வது இப்படித்தான்.

ஷ்ரவுட்டைவிட எளிதான ஒன்று இருக்கிறது. ரேடியேட்டருக்கும் முன் பேனலுக்கும் நடுவே ஒருகாலத்தில் ரப்பர் அல்லது ஃபோம் பட்டைகள் இருந்தன. அவை மட்கி விழுந்தபின் யாரும் கண்டுகொள்வதில்லை. வண்டி நிற்கும்போது, இஞ்சின் பக்கத்துச் சூடான காற்று அந்தச் சந்துகள் வழியாக முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். மேலே, கீழே, இரு பக்கமும் ஃபோம் வைத்து அடைப்பதற்கு ஒரு பகல் போதும். இதனால் மட்டுமே முள் இறங்கிய வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஃபேன். விஸ்கஸ் கிளட்ச் (பிசுபிசுப்பான திரவத்தால் ஃபேனைப் பிடித்துச் சுற்றும் இணைப்பு) வைத்ததாக இருந்தால், இஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். பிசுபிசுப்பான எதிர்ப்போடு உடனே நின்றால் நல்லது. சுதந்திரமாகப் பல சுற்று சுற்றினால், அல்லது கிளட்ச்சின் முகத்தில் எண்ணெய்க் கோடுகள் தெரிந்தால், உள்ளே இருந்த சிலிகான் திரவம் போய்விட்டது.

நேரடியாக போல்ட் போட்ட ஃபேன் என்றால் அது சரியான பக்கமாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் மாற்றி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அதனால் தவறு கண்ணில் படாது. ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாகிவிடுவதால் காற்று வெகுவாகக் குறையும். அதிக இறக்கைகள் உள்ள ஃபேனுக்கு மாறினால் ஐடிலில் உதவி உண்டு. பதிலுக்கு வேகத்தில் இரைச்சலும், வாட்டர் பம்ப் பேரிங்குக்குச் சுமையும் கூடும். ஃபேன் விழுங்கும் சக்தி வேகத்தின் மும்மடி விகிதத்தில் ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. வேகத்தில் தட்டையாகும் மெல்லிய தகட்டு ஃபேன்கள் இதற்குத் தீர்வு என்று விற்கப்படுகின்றன. அவற்றின் இறக்கைகளில் சோர்வு விரிசல் வருவது தெரிந்த விஷயம். பானெட்டுக்குக் கீழே பறக்கும் இறக்கை எனக்கு வேண்டாம்.

வண்டியின் அசல் தோற்றம் முக்கியம் என்பவருக்கும், டைனமோவை (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய காலத்து மின் உற்பத்திக் கருவி) மாற்ற மனமில்லாதவருக்கும் இதுதான் வழி.

எலக்ட்ரிக் ஃபேன்: பலனும் பொறியும்

இஞ்சின் எந்த வேகத்தில் இருந்தாலும் இது முழு வேகத்தில் சுற்றும். ஐடில் சூட்டுக்கு இதைவிட நேரான மருந்து இல்லை. ஆனால் ஒரு சிக்கல். இதற்குக் கரன்ட் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில்தான் பழைய காரில் கரன்ட் மிகக் குறைவாக இருக்கும்.

அறுபதுகளின் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர். அதுவும் நல்ல வேகத்தில். ஐடிலில் சிவப்பு விளக்கு மினுக்கும், உற்பத்தி கிட்டத்தட்ட இல்லை. சிறிய ஃபேனே 8, 10 ஆம்பியர் கேட்கும், பெரியது 20-ஐத் தாண்டும், தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. ஹெட்லைட்டும் எரிந்தால் அத்தனையும் பேட்டரியிலிருந்துதான். நெரிசல் நீண்டால் இஞ்சின் ஆறியிருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆகவே டைனமோ வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் என்றால், பட்டியலில் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஜாகுவார் இ-டைப் 1961-ல் வந்தபோதே எலக்ட்ரிக் ஃபேனோடுதான் வந்தது, டைனமோவோடு. 1964-ல் 4.2 லிட்டர் மாடலில் ஆல்டர்னேட்டருக்கு மாறினார்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி, காற்றை இழுப்பதற்குப் பதில் முன்னால் தள்ளும். மாட்டியதும் கிரில்லுக்கு முன் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். ரேடியேட்டரில் போய் ஒட்ட வேண்டும், பறந்து வரக் கூடாது.

ரேடியேட்டருக்குப் பின்னால் இழுக்கும் வகையை மாட்ட இடம் இருந்தால் அதுவே மேல். முன்னால் தள்ளும் வகை, ஓடும்போது வரும் காற்றை மறைக்கும். ரேடியேட்டர் கோருக்குள் பிளாஸ்டிக் கம்பியைச் செருகிக் கட்டும் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதிர்வில் அது குழாயைத் தேய்த்துவிடும். ரிலே, ஃபியூஸ், சரியான தடிமனில் வயர், இஞ்சினில் சரியான இடத்தில் ஸ்விட்ச், டாஷ்போர்டில் கையால் இயக்கவும் ஒரு ஸ்விட்ச் என்று எல்லாம் வேண்டும். கடைசியானது இல்லாவிட்டால், ஃபியூஸ் போன விஷயம் அடுத்த நெரிசலில் முள் சொல்லித்தான் தெரியும்.

ஆல்டர்னேட்டர் ஏற்கனவே இருக்கிறது, தினமும் நெரிசலில் ஓட்டுகிறீர்கள், அல்லது ஏசி கண்டென்சர் ரேடியேட்டர் முன்னால் நிற்கிறது என்றால் தயங்காமல் இதற்குப் போகலாம். அசல் ஃபேனைக் கழற்றினால் பத்திரமாக வையுங்கள். அதைவிடப் பலவீனமான எலக்ட்ரிக் ஃபேனை மாட்டிவிட்டு, பழையதே நன்றாக இருந்தது என்று திரும்பியவர்களும் உண்டு.

ரேடியேட்டர்

எல்லோரும் முதலில் வாங்குவது. நான் கடைசியில் வைப்பது. ஓடும்போது முள் இறங்குகிறது என்றால், காற்று கிடைத்தால் இந்த ரேடியேட்டரால் சமாளிக்க முடிகிறது என்று அதுவே சாட்சி சொல்கிறது.

கோர் தடிமனானால் சூட்டை விடும் பரப்பு கூடும், காற்றுக்கான தடையும் கூடும். நெடுஞ்சாலை வேகம் அந்தத் தடையை வெல்லும், 700 ஆர்பிஎம்-ல் சுற்றும் ஃபேன் வெல்லாது. நான் வாங்கிய பாடம் இதுதான்.

அலுமினியம் செம்பைவிட மேல் என்பதும் பாதி உண்மை. உலோகமாகப் பார்த்தால் செம்புதான் சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் பழைய ரேடியேட்டர்களின் குழாய்கள் பித்தளை, இணைப்புகள் ஈயப்பற்று. அலுமினியத்தில் அகலமான குழாய்கள் வைக்க முடிவதால் குறைந்த வரிசைகளிலேயே வேலை நடக்கிறது, கோரும் மெலிதாக இருக்கலாம். மெலிதான கோர் ஐடிலுக்கு நல்லதுதான். அதற்கு ஈடாக, துருத் தடுப்புச் சத்து தீருமுன் கூலன்ட்டைத் தவறாமல் மாற்ற வேண்டும். எர்த் இணைப்புகள் சரியில்லாமல் கரன்ட் கூலன்ட் வழியே பாய்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும்.

பழையதை மாற்ற வேண்டிய சமயமும் உண்டு. இஞ்சின் சூடாக இருக்கும்போது கோரின் முகம் முழுக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நடுவில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே குழாய் அடைபட்டிருக்கிறது. விரலால் தொட்டால் தகடுகள் உதிர்ந்தால், சூடு குழாயிலிருந்து காற்றுக்குப் போகவே வழி இல்லை. அப்போதும் புதியது வாங்குமுன் பழைய டேங்க்குகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தோற்றமும் மிஞ்சும்.

மிச்சம் மீதி

தெர்மோஸ்டாட்டைக் குறைந்த டிகிரிக்கு மாற்றுவது ஐடில் சூட்டைத் தீர்க்காது. 82 டிகிரியில் திறப்பதும் 71-ல் திறப்பதும், முழுக்கத் திறந்தபின் ஒன்றுதான். மூடி பலவீனமாக இருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். அழுத்தம் அதிகமான மூடி கொதிநிலையை உயர்த்தும், சூட்டைக் குறைக்காது, பழைய பற்றுகளைப் பிளக்கவும் செய்யும். பெல்ட் வழுக்கினாலோ, வாட்டர் பம்ப்பின் உள் இறக்கை அரித்திருந்தாலோ அது சரிசெய்ய வேண்டிய பழுது, தேர்வு அல்ல.

நடுத்தெருவில் முள் ஏறினால் ஹீட்டரை முழுக்கத் திறந்து, அதன் ஃபேனையும் போடுங்கள். அது ஒரு குட்டி ரேடியேட்டர். பெல்ட் ஃபேன் வண்டியில் நியூட்ரலில் வைத்து 1500 ஆர்பிஎம் வரை உயர்த்துவதும் உதவும். எலக்ட்ரிக் ஃபேன் வண்டியில் அப்படிச் செய்தால் ஃபேனுக்கு எந்த வித்தியாசமும் இல்லை, சூடுதான் கூடும்.

அப்புறம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வண்டியை நன்றாகச் சூடாக்கி, பானெட்டை மூடி, திறந்தவெளியில் 20 நிமிடம் ஐடிலில் விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் எத்தனை டிகிரி என்பதோடு வெளிக்காற்று எத்தனை டிகிரி என்பதையும் எழுதுங்கள். தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்தபின் பார்க்க வேண்டியது இந்த இரண்டின் வித்தியாசத்தை. 25 டிகிரி நாளில் 92 காட்டும் வண்டி, 35 டிகிரி நாளில் 102-ஐ நெருங்கும். நேற்று மாட்டிய பாகம் வேலை செய்ததா, நேற்று வெயில் குறைவாக இருந்ததா என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.